விடுமுறைக்கு லோம்போக்: ஒரு சொல்லை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் சில வாரங்கள் பாட்டு, சினிமா, குழந்தைகளின் கேம்ஸ் என்று ஓடிவிடும். அதன் பிறகு ஒரு நாள், "இந்த முறை லீவுக்கு எங்கே போகலாம்?" என்ற பேச்சு எழும். உடனே சர்ச் என்ஜினைத் திறந்து 'ஹலால்', 'ஃபேமிலி', 'பீச்' என்று டைப் செய்வீர்கள். நூற்றுக்கணக்கில் ஓட்டல்கள் வந்து நிற்கும். ஏறத்தாழ எல்லா ஓட்டல்களும் தங்களை 'ஹலால் ஃப்ரெண்ட்லி' என்றும், 'குடும்பத்துக்கு ஏற்றது' என்றும், 'நிம்மதியான இடம்' என்றும் சொல்லிக் கொள்ளும்.

இந்த மூன்றும் விற்பவர்களின் சொற்கள். அவற்றை உடைத்துச் சின்னச் சின்னக் கேள்விகளாக மாற்றாதவரை உங்களுக்கு அவற்றால் பயன் இல்லை. பணம் கட்டும் முன்பே, செலவில்லாமல் கேள்வி கேட்க முடிவதுதான் வீட்டில் கம்ப்யூட்டர் இருப்பதன் பெரிய லாபம். இதை ஓர் உதாரணத்துடன் பார்க்கலாம்.

இந்தோனேசியாவில் பாலித் தீவுக்குக் கிழக்கே அடுத்த தீவு லோம்போக். இங்கு வாழும் சாசாக் மக்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். 'ஆயிரம் மசூதிகளின் தீவு' என்று இதற்கு ஒரு பெயரும் உண்டு. 2015ல் அபுதாபியில் அறிவிக்கப்பட்ட உலக ஹலால் சுற்றுலா விருதுகளில் லோம்போக்கும் பரிசு பெற்றது. இதன் தென்கரையில் எழும் அலைகளைத் தேடி உலகெங்கும் இருந்து சர்ஃபிங் பிரியர்கள் வருகிறார்கள். சென்னையிலிருந்து செல்வோர் கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூரில் விமானம் மாறலாம். விமான நிலையத்திலிருந்து தென்கரைக்குக் காரில் அரை மணி நேரம்தான்.

முதல் சிக்கல் பெயரிலேயே இருக்கிறது. தென்கரையின் முக்கிய ஊர் கூட்டா. பாலித் தீவிலும் கூட்டா என்று ஓர் ஊர் உண்டு. இரவு விடுதிகளுக்குப் பெயர்போன, கூட்டம் நிறைந்த இடம் அது. வெறுமனே 'கூட்டா ஓட்டல்' என்று தேடினால் பாலியில் இருப்பவையே முதலில் வரும். விலை குறைவு என்று அவசரமாக க்ளிக் செய்து பணம் கட்டினால், நீங்கள் தங்கப் போவது வேறு தீவில். அங்கிருந்து லோம்போக்குக்குப் பெரிய படகில் நான்கைந்து மணி நேரம் ஆகும். எனவே ஓட்டலின் பெயரைக் காப்பி செய்து கூகுள் மேப்ஸில் போட்டு, அது எந்தத் தீவில் நிற்கிறது என்று கண்ணால் பார்த்து விடுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

அடுத்தது உணவு. லோம்போக்கில் சாதாரணத் தெருவோரச் சாப்பாட்டுக் கடையை 'வாருங்' என்பார்கள். முஸ்லிம் குடும்பங்கள் நடத்தும் இக்கடைகளில் 'ஹலால்' என்ற போர்டு பெரும்பாலும் இருக்காது. அதற்குத் தேவை இருப்பதாக அவர்கள் நினைப்பதும் இல்லை. சந்தேகம் வர வேண்டிய இடம், வெளிநாட்டவருக்காக நடத்தப்படும் கடற்கரை ஓட்டலின் சமையலறை. அங்கே மதுவும் இருக்கலாம், பன்றி இறைச்சியும் இருக்கலாம். தீவின் மேற்குப் பகுதியில் பாலி வம்சாவளி இந்துக்களும் வாழ்வதால், அங்குள்ள சில கடைகளில் பன்றி இறைச்சி கிடைக்கும். 'பாபி' என்ற உள்ளூர்ச் சொல்லை நினைவில் வையுங்கள். அதற்குப் பன்றி என்று பொருள். இந்தோனேசியாவில் 2024 அக்டோபர் முதல் நடுத்தர, பெரிய நிறுவனங்களின் உணவுப் பொருள்களுக்கு ஹலால் சான்று கட்டாயம் ஆனது. சிறு கடைகளுக்கு 2026 அக்டோபர் வரை அவகாசம் தரப்பட்டது. ஆகவே சான்றிதழ் மாட்டப்படாத கடை எல்லாம் விலக்க வேண்டிய கடை என்று முடிவு கட்டி விடாதீர்கள்.

ஓட்டலுக்கு ஓர் இமெயில் அனுப்புங்கள். 'நீங்கள் ஹலாலா?' என்று கேட்டால் 'ஆமாம்' என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: உங்கள் சமையலறையில் பன்றி இறைச்சி சமைக்கப்படுகிறதா? சாப்பிடும் இடத்தில் மது பரிமாறப்படுமா? அறையில் உள்ள ஃப்ரிட்ஜிலிருந்து மது பாட்டில்களை எடுத்து விடுவீர்களா? பெண்கள் பிறர் பார்வை படாமல் நீந்த வசதி உண்டா? நடந்து போகும் தூரத்தில் மசூதி இருக்கிறதா? ஐந்து கேள்விக்கும் தனித்தனியாகப் பதில் தரும் ஓட்டலை நம்பலாம். 'எல்லா வசதியும் உண்டு' என்று ஒரே வரியில் முடிக்கும் ஓட்டலை விட்டு விடுங்கள். வந்த பதிலைப் பிரிண்ட் எடுத்துப் பையில் வையுங்கள்.

மூன்றாவது, கடல். என் பார்வையில் பலரும் கோட்டை விடுவது இங்கேதான். சர்ஃபிங் செய்ய நல்ல கடற்கரை, குழந்தைகள் குளிக்க நல்ல கடற்கரையாக இருக்க வேண்டும் என்பதில்லை. தீவின் தென்மேற்கு முனையில் உள்ள டெசர்ட் பாயின்ட், பவளப்பாறை மேல் அலை உடையும் இடம். கைதேர்ந்தவர்களுக்கு மட்டுமே உரியது. செலோங் பெலானாக்கோ மணல் தரையும் சிறிய அலையும் உள்ள வளைகுடா. சர்ஃபிங் பலகையில் முதன்முதலாக ஏறுபவர்கள் பழகுவது இங்கேதான். தஞ்சுங் ஆன் விரிகுடாவில் தண்ணீர் இன்னும் அமைதியாக இருக்கும்.

கூகுள் மேப்ஸில் சாட்டிலைட் படத்துக்கு மாறி, கரையைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளைக் கோடுகள் தெரியும் இடத்தில் அலை உடைகிறது. நீருக்கடியில் கரும்பழுப்பாகத் தெரிவது பெரும்பாலும் பாறை. ஓட்டல்காரர் போட்ட படத்தை விட இது உண்மையைச் சொல்லும். ஆனாலும் படம் எடுத்த நாளில் அமைதியாக இருந்த கடல், நீங்கள் போகும் நாளில் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. நேரில் போனதும் உள்ளூர்க்காரரிடம் கேட்ட பிறகே பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்குங்கள்.

தேதி முடிவு செய்யும்போதும் காலண்டரோடு உட்காருங்கள். மழை பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரை. நம் பிள்ளைகளுக்கு லீவு கிடைக்கும் மே மாதத்தில் அங்கே வெயில் காலம் தொடங்கும். ஆனால் தெற்கிலிருந்து பெரிய அலைகள் வரும் பருவமும் அப்போதுதான் தொடங்குகிறது. கரையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இதனால்தான். ரமலானில் பகலில் பல கடைகள் மூடியிருக்கும். பாலி வழியாகப் போவதாக இருந்தால், பெரும்பாலும் மார்ச்சில் வரும் நியெபி என்னும் மௌனத் திருநாளில் அங்கே விமான நிலையமே ஒரு நாள் முழுக்க மூடப்படும். கூட்டா அருகே உள்ள மண்டாலிகா பந்தய மைதானத்தில் 2022 முதல் மோட்டார் சைக்கிள் உலகப் பந்தயம் நடக்கிறது. அந்த வாரத்தில் அறை வாடகை எகிறிவிடும்.

பணம் கட்டும் இடத்தில் இரட்டிப்புக் கவனம் தேவை. இந்தியர்கள் விசாவை அங்கே இறங்கியும் வாங்கலாம், முன்கூட்டியே இண்டர்நெட்டிலும் வாங்கலாம். அரசுக் கட்டணம் ஆளுக்கு 5 லட்சம் ரூபியா. இந்தோனேசிய அரசு வெப்சைட்களின் முகவரி 'கோ.ஐடி' என்று முடியும். அப்படி முடியாத முகவரியில் விசாவுக்காக கார்டு நம்பரைக் கொடுக்காதீர்கள். ஓட்டல் வாடகையோடு வரியும் சேவைக் கட்டணமுமாக 21 சதவீதம் வரை சேரலாம் என்பதால், கடைசிப் பக்கத்தில் வரும் மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள். எக்ஸெலில் ஓட்டலுக்கு ஒரு வரி, கேள்விக்கு ஒரு கட்டம் என்று போட்டுக் கொண்டால் எது தேறும் என்பது பளிச்சென்று தெரிந்து விடும்.

கடைசியாக ஒன்று. தேடத் தேடப் பட்டியலை நீட்டிக் கொண்டே போவதும் கம்ப்யூட்டரின் குணம்தான். ரிஞ்ஜானி மலை, கிலித் தீவுகள், அருவி, நெசவுக் கிராமம் என்று எல்லாவற்றையும் ஐந்து நாளில் திணித்தால், ஊர் திரும்பும்போது பாட்டிக்குக் கால் வலியும் பிள்ளைகளுக்குக் காய்ச்சலும்தான் மிஞ்சும். ஒரே ஓட்டலில் தங்குங்கள். நாளுக்கு ஓர் இடம் போதும். அதிலும் இரண்டு நாளை எதுவும் எழுதாமல் விடுங்கள். தொழுகை, சாப்பாடு, கடற்கரை, பகல் தூக்கம் என்று நாள் தானாகவே நிறையும்.

கேள்விகளை எல்லாம் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் கேட்டு முடித்து விட்டால், அங்கே போய்க் கவலைப்பட அதிகம் இருக்காது. இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரையும் அருகில் உட்கார வைத்துக் கொண்டு மேப்பைத் திறந்து பாருங்கள்.