வெயிலை மறந்த தோல்

லண்டனில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுக் கும்மிடிப்பூண்டிக்குத் திரும்பிய ஒருவர், சித்திரை வெயிலில் தோல் சிவந்து அரிக்கிறது என்றால், "துரையாகிவிட்டார்" என்று கேலி செய்கிறோம். இது சரியன்று.

டிசம்பர் நண்பகலில் லண்டன் சூரியன் அடிவானத்துக்கு மேல் 15 பாகைதான் எழும்புகிறது. சாய்ந்து வரும் ஒளி காற்றில் நெடுந்தூரம் கடப்பதால், அதன் புறஊதா-பி கதிர்களில் பெரும்பகுதியை ஓசோன் உறிஞ்சிவிடும். வெயில் காணாத தோலின் மேலடுக்கு மெலிகிறது. வெயிலால் ஏறிய கருமையும் இறங்குகிறது. கும்மிடிப்பூண்டியிலோ ஏப்ரல் இறுதியில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது!

தொழிற்பேட்டைக் கூரைக்குள்ளேயே பகலைக் கழிப்பவரின் தோலும் இப்படி வெயிலை மறக்கலாம். ஆகவே கேலி வேண்டாம். காலை வெயிலில் தொடங்கி, சிறிது சிறிதாகப் பழகட்டும். தடிப்பு நீடித்தால் மருத்துவரிடம் காட்டட்டும். சில மருந்துகளாலும் இது வருவதுண்டு.