மூச்சை மீட்டுத் தருவது யார்?

கல்கத்தாவிலே கார்டன் ரீச் என்றொரு பகுதி. ஊக்ளி நதிக்கரை. கப்பல் கட்டும் தளமும், தென்கிழக்கு இரயில்வேயின் தலைமை அலுவலகமும் அங்கேதான் இருக்கின்றன. பிழைப்பைத் தேடி வடக்கே சென்று அங்கு வேரூன்றிவிட்ட தமிழ்க் குடும்பங்களில் என் பெரியப்பாவின் குடும்பமும் ஒன்று. துறைமுகத்துச் சரக்குக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர் அவர்.

சென்ற குளிர்காலத்தில் அவருக்கு நிமோனியா கண்டது. நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்து, தொண்டைக்குள் குழாய் செலுத்தி, வென்டிலேட்டர் எனும் மூச்சுப் பொறியில் இணைத்தார்கள். விடுமுறைக்குப் போயிருந்த நான் அந்தப் பொறியைக் கையெடுத்துக் கும்பிட்டேன் என்றால் நம்புங்கள்!

வெள்ளிக்கிழமை, நுரையீரல் தெளிந்துவிட்டது என்றார்கள். சனிக்கிழமை பெரியப்பா கண் விழித்து என் கையை அழுத்தினார். ஆனால் குழாய் எடுக்கப்படவில்லை. பெரிய டாக்டர் திங்கட்கிழமைதான் வருவாராம். பணியிலிருந்த இளம் டாக்டரை நெருங்கி, தாங்களே முயன்று பார்க்கலாகாதா என்று கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. பொறியை மாட்டத் தமக்குத் தெரியும், கழற்றும் முறையை எவரும் கற்றுத் தரவில்லை என்றார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவரைக் கற்பிக்காமல் விட்ட ஏற்பாட்டைத்தான் குறை சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலை அரை மணி நேரச் சோதனை நடந்தது. நண்பகலில் குழாய் வெளியே வந்தது. பெரியப்பா கேட்ட முதற் கேள்வி, "இன்றைக்கு என்ன கிழமை?"

இரண்டு நாள்தானே என்பீர்கள். பொறி மூச்சுவிட, உதரவிதானத் தசை வேலையின்றிக் கிடக்கிறது. முழுக்க முழுக்கப் பொறியையே நம்பிக் கிடந்தால், ஒரு நாளைக்குள்ளேயே அத்தசை மெலியத் தொடங்குவதை 2008இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. குழாய் வழியே கிருமியும் நுழைகிறது. ஆஸ்பத்திரிக் கட்டணமோ, சொல்ல வேண்டாம்.

சோதனையில் மாயம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் மயக்க மருந்தைக் குறைத்து நோயாளியை விழிக்கச் செய்கிறார்கள். நோய் தணிந்ததா, இரத்த அழுத்தம் நிலையாக உள்ளதா, இருமத் தெம்பு உண்டா என்று பார்க்கிறார்கள். பிறகு பொறியின் துணையை மிகக் குறைத்து, அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை அவரே மூச்சுவிட விடுகிறார்கள். மூச்சு நிமிடத்துக்கு 35ஐத் தாண்டினாலோ, வியர்த்துப் பதறினாலோ, உடனே பழைய துணையைக் கொடுத்துவிட வேண்டும். 1995இல் வெளியான ஸ்பெயின் நாட்டு ஆய்வில் 546 பேருக்கு இரண்டு மணி நேரம் இவ்வாறு சோதித்தார்கள். 416 பேர் தாங்கிவிட்டனர்! 1996இல் அமெரிக்காவில் 300 நோயாளிகளிடையே நடந்த ஆய்வு இன்னும் தெளிவானது. செவிலியரும் சுவாசப் பயிற்சியாளரும் நாள்தோறும் தகுதி பார்த்துச் சோதித்து, டாக்டருக்குத் தெரிவித்தார்கள். பொறியில் கிடந்த நாள் ஆறிலிருந்து நாலரையாகக் குறைந்தது.

தெரியாதவன் கழற்றினால் உயிர் போகாதா என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். போகும்! அவசரப்பட்டு எடுத்த குழாயை மீண்டும் செலுத்த நேர்வது பேராபத்து. ஆகவேதான் கற்பிக்கச் சொல்கிறேன். எப்போது தொடங்குவது என்பதைவிட எப்போது நிறுத்துவது என்பதே அரிய பாடம். புத்தகம் அதைத் தராது. கட்டிலருகே நின்று மார்பின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துப் பழகிய கண்தான் தரும்.

மாணவர்களால் ஆகுமா என்ற ஐயம் வேண்டாம். 1952இல் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவி, மூச்சுத் தசை செயலிழந்தவர்கள் மடிந்துகொண்டிருந்தபோது, பியோர்ன் இப்சன் என்ற டாக்டர் தொண்டையில் துளையிட்டு, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றூட்டும் வழியைக் காட்டினார். அந்தப் பைகளை முறை வைத்து, இரவும் பகலும், வாரக்கணக்கில் அழுத்தியவர்கள் யார்? ஏறக்குறைய 1,500 மாணவர்கள்! பையை அழுத்தும் கைக்கு ஒரு வசதி உண்டு. நோயாளி தானாக ஒரு மூச்சு இழுக்க முயன்றால் அது கைக்குத் தெரியும். பொறி வந்த பின் அந்த உணர்வைக் கண்ணால் தேடிப் பழக வேண்டியிருக்கிறது.

நம் நாட்டிலோ 2020இல் கோவிட் வந்தபோது, பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து 50,000 வென்டிலேட்டர்களுக்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். வாங்கியது தவறென்று சொல்ல மாட்டேன். பொறி எத்தனை என்று ஏடுகள் எல்லாம் எண்ணின. அவற்றிலிருந்து மனிதரை இறக்கத் தெரிந்த கைகள் எத்தனை என்று எண்ணியவர் உண்டா? 1993இல் தோன்றிய இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் பயிற்சிகள் நடத்திவருகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரவு தனியே நிற்கும் இளம் டாக்டருக்கும் செவிலிக்கும் அது எட்டியாக வேண்டும். பயிற்சி டாக்டர்களின் ஓராண்டில், தீவிர சிகிச்சைப் பிரிவில் மூத்தவர் பார்த்திருக்கப் பத்துச் சோதனையாவது தம் கையால் நடத்தினால்தான் தேர்ச்சி என்று விதி வரட்டும். செவிலியருக்கும் அவ்வாறே.

நம் மன்றத்தில் மருத்துவம் பயில்வோர் பலர் இருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்தில் பட்டிமன்றத்துக்கு ஒதுக்கிய ஒரு மணியை எனக்குத் தாருங்கள். தீவிர சிகிச்சை டாக்டர் ஒருவரையும், பயிற்சிப் பொம்மை ஒன்றையும் அழைத்து வருவது என் பொறுப்பு. (பொம்மை பேசாது, பட்டிமன்றத்தைவிட அமைதியாகவே நடக்கும்.) பெயர் கொடுக்க விரும்புவோர் செயலாளரிடம் கொடுக்கலாம்.