தக்காளிக்கு வட்டி கட்டும் திருப்பூர்

ரிசர்வ் வங்கி ரெப்போ ரேட்டை ஏத்தினா நம்ம ஆபீஸ்ல நடக்கற ஒரே விவாதம், ஹோம் லோன் இ.எம்.ஐ. எவ்வளவு கூடும்ங்கறதுதான். நியாயமான கவலை. 20 வருஷத்துக்கு 30 லட்சம் வாங்கியிருந்தா, வட்டி ஆறரையிலிருந்து ஒன்பது சதவீதம் ஆகும்போது மாசத் தவணை 22,400லிருந்து 27,000 ஆயிடும். ஆனா நாம வேலை பார்க்கற கம்பெனிக்கு? பெருசா ஒண்ணும் ஆகாது. பெரிய ஐடி கம்பெனிகளுக்குக் கடன் அநேகமா கிடையாது. கையிருப்புக்கு வட்டி வேற கூடுதலா வரும் :-)

அப்படியே திருப்பூர் பக்கம் வாங்க. ஒரு சின்ன பனியன் யூனிட். நூலுக்கு முதல்லயே பணம் கட்டணும், வாராவாரம் கூலி கொடுக்கணும். சரக்கு போய் காசு வர ரெண்டு மூணு மாசம். நடுவுல வண்டி ஓடறது வங்கிக் கடன்லதான். கடன் 2 கோடின்னா, வட்டி ரெண்டரை சதவீதம் ஏறினா வருஷத்துக்கு 5 லட்சம் கூடுதல் செலவு. 2019 அக்டோபர்லிருந்து குறு, சிறு தொழில்களுக்கான புது ஃப்ளோட்டிங் கடன்களை ரெப்போ மாதிரி வெளி அளவுகோலோட கோத்துட்டாங்க. அதனால அடி சீக்கிரமாவே வந்து விழும்.

2022 மே மாசத்துல 4 சதவீதமா இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரியில 6.5 ஆச்சு. யுக்ரைன் போர், எண்ணெய் விலைன்னு ஏத்தினதுக்குக் காரணம் இருந்துது. அதே சமயத்துல அமெரிக்க ஃபெடும் ஏத்த, துணி வாங்கற நாட்டுலயும் கையை இறுக்கிட்டாங்க. நம்ம ஐடிக்கு வலிச்சது இந்த ஃபெட் அடி மட்டும்தான். திருப்பூருக்கு ரெண்டு பக்கமும் அடி.

என் கேள்வி அதுக்கப்புறம் நடந்தது பத்தி. உணவும் எரிபொருளும் நீங்கலான பணவீக்கம் 2024ல 4 சதவீதத்துக்குக் கீழ வந்தாச்சு. ஆனாலும் 2025 பிப்ரவரி வரைக்கும் 6.5லயே நின்னாங்க. முக்கியக் காரணம் காய்கறி. 2023 ஜூலையில தக்காளி விலை எகிறி, மொத்தப் பணவீக்கம் 7.44 சதவீதம், 2024 அக்டோபர்ல மறுபடி 6.21. வட்டி உசந்திருந்தா தக்காளிச் செடி கூடுதலா காய்க்குமா?

"அப்ப உணவைக் கணக்குலேருந்தே எடுத்துடலாம்"னு 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை ஒரு யோசனை சொல்லுச்சு. எனக்கு உடன்பாடில்லை. ஏழை வீட்டுல பணவீக்கம்னாலே அரிசி, பருப்பு, காய்கறிதான். அதைக் கழிச்சுட்டா கணக்கு அழகா இருக்கும், அடுப்படியில மாறாது.

ரிசர்வ் வங்கியைத் திட்டியும் பிரயோஜனமில்லை. 4 சதவீதம்னு இலக்கு கொடுத்தது அரசு, அவங்க கையில இருக்கற முக்கிய ஆயுதம் ஒரே ஒரு வட்டி. குளிர்பதனக் கிடங்கு, போக்குவரத்து, விளைச்சல் இதெல்லாம் அரசாங்கத்தோட வேலை. அந்த வேலை நடக்காததுக்கு அபராதத்தைச் சின்ன யூனிட்காரர் வட்டியா கட்டறார். அதனால உணவு விலைக்காக வட்டி உசந்து நிக்கற காலத்துல, சிறு தொழில்களோட நடைமுறை மூலதனக் கடனுக்கு அரசு வட்டி மானியம் தரணும். சலுகையா இல்லை, இழப்பீடா.

நீங்க என்ன நினைக்கறீங்க?