போடாத ஒப்பந்தத்துக்குத் துருக்கி கட்டும் விலை

இந்தியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடையற்ற வர்த்தகப் பேச்சு முடிந்ததாக 2026 ஜனவரி 27 அன்று அறிவித்ததிலிருந்து, திருப்பூருக்கு எவ்வளவு லாபம் என்ற கணக்குதான் இங்கே எல்லோர் வாயிலும். அந்தப் பேச்சில் வாய் திறக்கவே இடமில்லாத துருக்கி இதற்கு விலை கொடுக்கப்போகிறது.

1995 இறுதியில் ஐரோப்பாவுடன் சுங்க ஒன்றியத்தில் இணைந்தது துருக்கி. தொழில்பொருள்களுக்குப் பரஸ்பரம் வரி இல்லை. வெளியார் பொருளுக்கு பிரஸ்ஸல்ஸின் வரியே அங்காராவின் வரி. பிரஸ்ஸல்ஸ் யாரோடு ஒப்பந்தம் போட்டாலும் அந்நாட்டுச் சரக்கு ஹாம்பர்க்கில் இறங்கி வரியின்றி இஸ்தான்புல் போய்விடலாம். துருக்கிச் சரக்கு அங்கே போக, துருக்கி தனியாகக் கெஞ்ச வேண்டும். தென்கொரியா தன் சந்தையை ஐரோப்பாவுக்கு 2011-இல் திறந்தது, துருக்கிக்கு 2013-இல். ஜப்பானுடனான ஐரோப்பிய ஒப்பந்தம் 2019-இல் அமலானது. துருக்கி இன்னும் வெளியேதான் நிற்கிறது. இப்போது இந்திய ஆயத்த ஆடைக்கு ஐரோப்பாவில் உள்ள 12% வரையிலான வரி நீங்கினால், துருக்கி ஆடைகள் முப்பது ஆண்டுகளாக அனுபவித்த சலுகை கரைந்துவிடும்.

இதைச் சொன்னால், துருக்கி-ஐரோப்பா இருதரப்பு வர்த்தகம் ஆண்டுக்கு 20,000 கோடி யூரோவைத் தாண்டிவிட்டதே என்கிறார்கள். எனக்கு எரிச்சலூட்டுவது இந்த எண்தான். ஒரு ஜப்பானியக் கருவி 100 லிரா, வரி 10, ஆக 110. ஜெர்மன் கருவி வரிக்கு முன்பே 105. சுங்க ஒன்றியம் வந்ததும் ஜெர்மன் கருவிக்கு வரி இல்லை, எல்லோரும் அதையே வாங்குகிறார்கள். வாங்குபவருக்கு 5 லிரா மிச்சம். கருவூலத்துக்கு 10 லிரா போச்சு. நாட்டுக்கு 5 லிரா நட்டம். ஆனால் வர்த்தகப் புள்ளிவிவரத்தில் ஐரோப்பிய இறக்குமதி 105 லிரா கூடியிருக்கும்! பொருளியலாளர் ஜேக்கப் வைனர் 1950-இலேயே பிரித்துக் காட்டிய வேறுபாடு இது: புதிதாகப் பிறக்கும் வர்த்தகம் வேறு, திசைமாறும் வர்த்தகம் வேறு. மொத்தத் தொகையை மட்டும் பார்ப்பவர்கள் நட்டத்தையும் வளர்ச்சி என்றே எழுதிவைக்கிறார்கள். மக்கள் நலனை அளக்கும் லட்சணமா இது?

வெறும் வர்த்தக ஒப்பந்தத்தைவிட சுங்க ஒன்றியமே மேல் என்று உலக வங்கியின் 2014 மதிப்பீட்டைக் காட்டுவார்கள். பிரஸ்ஸல்ஸின் ஒப்பந்தங்கள் துருக்கிக்கு ஒருபக்கமாகவே திறக்கும் சமனின்மையைக் குறையாகச் சுட்டியதும் அதே மதிப்பீடுதான். அதை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்கள். சுங்க ஒன்றியத்தின் சீர்திருத்தத்தை ஐரோப்பிய ஆணையம் 2016-இல் முன்மொழிந்தது. உறுப்பு நாடுகள் 2018-இல் அதை முடக்கின.

இனியும் காத்திருப்பதில் பொருளில்லை. துருக்கி சுங்க ஒன்றியத்திலிருந்து வெளியேறி, சாதாரண வர்த்தக ஒப்பந்தத்துக்கு மாறட்டும். பொருள் எங்கே உற்பத்தியானது என்று சான்றிதழ் வாங்கும் செலவு கூடும், கூடட்டும். தன் வரியைத் தானே நிர்ணயித்தால்தான் புதுதில்லியோடு பேரம் பேச அங்காராவின் கையில் ஏதாவது இருக்கும்.