அம்பயரும் ராட்சசத் திரையும்

பேஸ்பால் என்னும் அமெரிக்க விளையாட்டு நம்மில் பலருக்குப் பழக்கமில்லாதது. கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொண்டால் இந்த வாரத்துக்குப் போதும். ஒருவன் பந்தை எறிகிறான். மற்றொருவன் தடியால் அடித்துவிட்டு ஓடுகிறான். அவன் முந்தினானா, பந்து முந்திற்றா என்று சொல்ல ஓர் அம்பயர் நிற்கிறார். நாம் எழுத வந்தது ஆட்டத்தைப் பற்றியன்று. மைதானத்தின் கோடியில் நிமிர்ந்து நிற்கும் ராட்சசத் திரையைப் பற்றியும், அது அந்த அம்பயரைப் படுத்திய பாட்டைப் பற்றியுமே.

ஆதியில் அங்கே வெறும் பலகைதான் இருந்தது. சிக்காகோ நகரத்து ரிக்லி மைதானத்தில் 1937-ல் கட்டிய பலகையில், உள்ளே ஆட்கள் இருந்துகொண்டு எண் எழுதிய தகடுகளைக் கையால் மாற்றுவார்கள். 1965-ல் ஹூஸ்டன் நகரத்தார் 474 அடி நீளத்துக்கு ஒரு விளக்குப் பலகை அமைத்தார்கள். இருபது லட்சம் டாலர் செலவு! உள்ளூர்க்காரன் பந்தை வெளியே தூக்கி அடித்துவிட்டால், விளக்குகளாலான காளை மூக்கில் புகை விடும்; மாட்டிடையன் துப்பாக்கி சுடுவான். நம் ஊர்த் திருவிழாவில் இதைவிட நல்ல வாணவேடிக்கை உண்டு என்பது நமது அபிப்பிராயம். அது கிடக்கட்டும்.

இதெல்லாம் பொம்மை வேடிக்கை. உண்மையான உருவம் முழு வண்ணத்தில் திரையில் ஓடி ஆடியது 1980 ஜூலை 8-ல், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து டாட்ஜர் மைதானத்தில். சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒளிரும் சிறு கண்ணாடிக் குழல்களை ஆயிரக்கணக்கில் அடுக்கி அந்தத் திரையைச் செய்திருந்தார்கள். செய்தவர்கள் ஜப்பான் தேசத்து மிட்சுபிஷி கம்பெனியார். பிற்பாடு குழல்கள் போய், அரிசி மணி போன்ற எல்.இ.டி. விளக்குகள் வந்தன. சிவப்பு விளக்கு முன்பே இருந்தது; பிரகாசமான நீலந்தான் பல வருஷங்கள் விஞ்ஞானிகளுக்கு டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தது. அதையும் வசப்படுத்தியவர்கள் ஜப்பானில் பிறந்தவர்களே. அகாசாகி, அமானோ, நாகமுரா என்னும் மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்கர் தங்கள் தேசிய விளையாட்டு என்று மார்தட்டுவதைப் பெரிதாக்கிக் காட்டும் கண், இன்னொரு தேசத்தார் உழைத்துக் கண்டது.

திரை வந்ததும் வம்பும் வந்தது. மைதானத்து மாடியில் ஒரு கண்ணாடி அறை. அதில் ஒருவர் பல காமிராக்களின் படங்களையும் ஒருங்கே பார்த்துக்கொண்டு, "இது வேண்டும், அது வேண்டாம்" என்று உத்தரவிடுகிறார். மற்றவர்கள் விசைகளைத் தட்டுகிறார்கள். நடந்ததை மறுபடி, அதுவும் மெதுவாகக் காட்ட இவர்களால் முடியும். ஆனால் அம்பயர் தவறியதைக் காட்டினால் நாற்பதினாயிரம் பேர் ஒரே குரலில் கூச்சலிடுவார்களே! ஆகையால் நெடுங்காலம், சந்தேகமான கட்டம் வந்தால் அடக்கி வாசிக்க வேண்டியிருந்தது. வீட்டில் நாற்காலியில் சாய்ந்திருந்தவனுக்கு உண்மை தெரிந்தது. பணம் கொடுத்து உள்ளே வந்தவனுக்குத் தெரியவில்லை.

2010 ஜூன் 2-ந் தேதி டெட்ராயிட் நகரில் நடந்ததை நேயர்கள் கேட்க வேண்டும். கலரகா என்னும் இளைஞர் பந்து எறிகிறார். எதிரிகளில் 26 பேர் வரிசையாக அவுட். இன்னும் ஒருவன் அவுட்டானால் அது குறையற்ற ஆட்டம். பேஸ்பாலின் நெடிய சரித்திரத்தில் 2023 முடிய 24 முறையே நடந்திருக்கும் அபூர்வம் அது. இருபத்தேழாமவன் அடித்துவிட்டு ஓடினான். பந்து தெளிவாக முந்திவிட்டது. அம்பயர் ஜிம் ஜாய்ஸ் இரு கைகளையும் விரித்து, "அவுட் இல்லை" என்றார். கலரகா கோபிக்கவில்லை. ஒரு புன்னகை, திரும்பிப் போய் அடுத்தவனை அவுட்டாக்கினார். ஆட்டம் முடிந்து படத்தைப் பார்த்த ஜாய்ஸ் இடிந்துபோய், இளைஞரிடம் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் ஆட்டக்காரர் பட்டியலை அம்பயரிடம் சேர்ப்பிக்கக் கலரகாவே வந்தார். ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டதை ஊரே பார்த்தது. தீர்ப்பு மட்டும் மாறவேயில்லை. அப்போதிருந்த விதிப்படி, ஹோம் ரன் விவகாரங்களுக்குத்தான் படம் பார்க்கலாம்.

2014-ல் விதியை விரித்தார்கள். சந்தேகம் வந்தால் நியூயார்க்கில் உட்கார்ந்திருக்கும் அம்பயர்கள் படம் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். மைதானத் திரையிலும் எதையும் காட்டலாம். நமக்கு இது புதிதல்ல. 1992-லேயே டர்பனில் நம் டெண்டுல்கர், டெலிவிஷன் பார்த்து முடிவு சொன்ன மூன்றாவது அம்பயரால் முதன்முதல் அவுட்டானவர் என்ற பெயரைச் சம்பாதித்துக்கொண்டாரே!

கண் பெரிதானால் திருட்டும் பெரிதாகும் போலும். 2017-ல் ஹூஸ்டன் கட்சியார், எதிரிகள் விரலால் காட்டும் இரகசிய ஜாடைகளைக் காமிராவில் பார்த்து, குப்பைத் தொட்டியைத் தடியால் தட்டித் தம் ஆட்டக்காரனுக்குச் சேதி சொன்னார்கள். 2020-ல் விசாரணை முடிந்து ஐம்பது லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. இத்தனை யந்திரங்கள் இருந்தும் கடைசியில் உதவியது குப்பைத் தொட்டி.

2026 பருவத்துக்கு இன்னொரு விதியும் வந்தது. எறிந்த பந்து நேரா, கோணலா என்ற தீர்ப்பை ஆட்டக்காரர் மறுக்கலாம். பந்து போன வழி திரையில் சித்திரமாகத் தோன்றும். அதுவரை அம்பயரும் ஜனங்களோடு சேர்ந்து அண்ணாந்து பார்த்து நிற்க வேண்டியதுதான்.

ரிக்லி மைதானத்திலும் 2015-ல் ராட்சசத் திரை வைத்துவிட்டார்கள். பக்கத்தில் பழைய பலகையும் இருக்கிறது. அதனுள் ஆட்கள் இன்னும் கையால் தகடு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.