648 ஓட்டு விழுந்தும் ஓயாத மென்பொருள் காப்புரிமை

2005 ஜூலை 6. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒரு சட்ட முன்வடிவை ஓட்டுக்கு விட்டது. நிராகரிக்க வேண்டும் என்று 648 பேர், கூடாது என்று 14 பேர், எந்தப் பக்கமும் சேராதவர்கள் 18 பேர். ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைச்சர்கள் அவை ஏற்று அனுப்பிய சட்டத்தை நாடாளுமன்றம் இரண்டாம் வாசிப்பில் அடியோடு தள்ளியது. கணினி வழிச் செயல்படும் கண்டுபிடிப்புகள் என்ற பெயரோடு வந்த அந்தச் சட்டம், மென்பொருளுக்குக் காப்புரிமை கொடுக்கும் வழக்கத்தை ஐரோப்பா முழுவதற்கும் சட்டபூர்வமாக்க இருந்தது. அதைத் தடுத்தவர்கள் நிரலர்கள், சிறு நிறுவனம் நடத்துபவர்கள், மாணவர்கள், பேராசிரியர்கள். கட்சியும் பண பலமும் இல்லாமல் வருடக்கணக்கில் அலைந்து பெற்ற வெற்றி அது.

ஆனால் மென்பொருள் காப்புரிமைகள் நிற்கவில்லை. மக்கள் பிரதிநிதிகள் இத்தனை தெளிவாகத் தீர்ப்பளித்த பிறகும் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் தன் பழைய நடைமுறையிலேயே போய்க்கொண்டிருக்கிறது. இந்தக் குறையை ஐரோப்பாவின் சிறு மென்பொருள் நிறுவனங்கள் இருபது வருடங்களாகச் சொல்லி வருகின்றன. இன்னும் தீரவில்லை.

நிரல் எழுதுபவருக்கு அவருடைய உழைப்பின் பலன் சேர வேண்டாமா என்று கேட்கலாம். சேர வேண்டும், சேர்கிறது. ஐரோப்பாவில் 1991-லேயே கணினி நிரல்களை இலக்கியப் படைப்புக்கு நிகராக வைத்துப் பதிப்புரிமை கொடுத்துவிட்டார்கள். ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் நகலெடுத்து விற்றால் குற்றம். அதை நீக்கச் சொல்லி இந்தப் போராட்டம் நடக்கவில்லை. காப்புரிமை வேறு வகை. நீங்கள் ஒவ்வொரு வரியையும் சொந்தமாக எழுதியிருக்கலாம், அடுத்தவர் நிரலைக் கண்ணால்கூடப் பார்க்காமல் இருக்கலாம். அதே வழிமுறையை வேறொருவர் முன்பே பதிந்து வைத்திருந்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடங்களுக்கு உங்கள் நிரலை அவர் தடுக்க முடியும்.

எந்த மாதிரி வழிமுறைகள் என்று பார்த்தால்தான் விபரீதம் புரியும். பெரிய கோப்பு ஒன்றை இறக்கும்போது திரையில் ஒரு பட்டை இடமிருந்து வலமாக நிரம்பிக்கொண்டே போகுமே, வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்ட? அதற்கு ஐபிஎம் நிறுவனம் ஐரோப்பியக் காப்புரிமை வாங்கியிருந்தது. இணையக் கடையில் ஒரு பொருளை வாங்கி வேறொருவருக்குப் பரிசாக அனுப்பும் முறைக்கு அமேசானுக்குக் காப்புரிமை கிடைத்தது. பூ அனுப்பும் ஃப்ளூரோப் நிறுவனமும் ஜெர்மனியின் கணினியியல் சங்கமும் எஃப்எஃப்ஐஐ என்ற அமைப்பும் ஆட்சேபம் தெரிவித்துப் போராடிய பிறகு 2007-ல்தான் அது ரத்தானது. முனிக்கில் 1999-ல் தொடங்கிய இந்த எஃப்எஃப்ஐஐ, ஒரு சாதாரண இணையக் கடையின் படத்தை வரைந்து, பணம் கட்டும் இடம், பொருள் படம், தேடும் வசதி என ஒவ்வொரு பகுதியும் எந்தெந்தக் காப்புரிமைக்குள் விழுகிறது என்று குறித்துக் காட்டியது. சட்டப் புத்தகம் படிக்காதவருக்கும் அந்த ஒரு படம் விஷயத்தைப் புரியவைத்தது.

சட்டம் என்ன சொல்கிறது? 1973-ல் முனிக்கில் கையெழுத்தான ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் 52-வது பிரிவு, கணிதம், வணிக முறைகள், கணினி நிரல்கள் இவையெல்லாம் கண்டுபிடிப்பு ஆகாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அடுத்த வரியில், நிரலை நிரல் என்ற அளவில் கோரினால் மட்டுமே இந்த விலக்கு என்று ஒரு வாசகம் உண்டு. அந்த வாசகத்தைப் பிடித்துக்கொண்டுதான் முழு விலக்கையும் கரைத்துவிட்டார்கள். 1986-ல் படச் செயலாக்க வழக்கு ஒன்றில் காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியம் முதல் வழியைத் திறந்தது. 1998-ல் ஐபிஎம் வழக்கில், நிரல் ஓடும்போது கூடுதலாக ஏதாவது தொழில்நுட்ப விளைவு இருந்தால் நிரலையே கோரலாம் என்று சொல்லிவிட்டது. விண்ணப்பத்தைத் திறமையாக எழுதத் தெரிந்த வழக்கறிஞர் கிடைத்தால் போதும் என்ற நிலை வந்தது.

2000 நவம்பரில், அந்தப் பிரிவிலிருந்து கணினி நிரல் என்ற சொல்லையே எடுத்துவிடும் யோசனை உறுப்பு நாடுகளின் மாநாட்டுக்கு வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதால் நாடுகள் அதை ஏற்கவில்லை. மாநாட்டில் முடியாததை ஐரோப்பிய ஆணையம் 2002 பிப்ரவரி 20 அன்று சட்ட முன்வடிவாகக் கொண்டுவந்தது. நோக்கியா, சீமென்ஸ், பிலிப்ஸ், எரிக்சன் போன்ற பெரிய நிறுவனங்கள் அதன் பின்னால் நின்றன. எதிர்ப்பக்கம், மென்பொருள் காப்புரிமை வேண்டாம் என்ற யூரோலினக்ஸ் மனுவில் லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். 2003 ஆகஸ்ட் 27 அன்று பிரஸ்ஸல்ஸ் தெருவில் கூட்டம் கூடியது. அன்று ஏராளமான இணையதளங்கள் முகப்பை மூடிவிட்டு, காப்புரிமைச் சட்டம் வந்தால் இப்படித்தான் மூட வேண்டியிருக்கும் என்று எழுதி வைத்தன. உறுப்பினர்களின் அறைகளுக்கு நிரலர்கள் நேரில் போய் விளக்கினார்கள். செப்டம்பர் 24-ல் நாடாளுமன்றம் சட்டத்தின் போக்கையே மாற்றியது. தகவலைச் செயலாக்குவது தொழில்நுட்பத் துறை ஆகாது, வேறு மென்பொருளோடு இணைந்து இயங்கத் தேவையானதைப் பயன்படுத்தினால் மீறல் ஆகாது என்றெல்லாம் திருத்தங்கள் சேர்ந்தன.

அடுத்து நடந்ததை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. 2004 மே 18 அன்று அமைச்சர்கள் அவை அந்தத் திருத்தங்களில் முக்கியமானவற்றை உதறிவிட்டுத் தனி உடன்பாடு செய்துகொண்டது. ஜூலையில் நெதர்லாந்து நாடாளுமன்றம், அந்த உடன்பாட்டுக்குக் கொடுத்த ஆதரவைத் திரும்பப் பெறும்படி தன் அரசுக்கே தீர்மானம் போட்டது. அதற்கும் பலன் இல்லை. டிசம்பர் 21 அன்று வேளாண்மை, மீன்வள அமைச்சர்களின் கூட்டத்தில், விவாதம் இல்லாமல் நிறைவேறும் பட்டியலில் இந்த விஷயத்தைச் சேர்த்திருந்தார்கள். மீன்பிடி அளவு பேச வந்தவர்கள் கைதூக்கி மென்பொருள் சட்டத்தை அனுப்பிவைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. போலந்தின் துணை அமைச்சர் வ்வோஜிமியெஷ் மார்ச்சின்ஸ்கி பிரஸ்ஸல்ஸுக்கு நேரில் வந்து, பட்டியலிலிருந்து அதை நீக்கச் சொன்னார். நீக்கினார்கள். ஐரோப்பாவெங்கும் ஆயிரக்கணக்கானோர் போலந்துக்கு நன்றிக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குங்கள் என்று 2005 பிப்ரவரியில் நாடாளுமன்றம் கேட்டது. ஆணையம் மறுத்தது. மார்ச் 7 அன்று, டென்மார்க், போலந்து, போர்ச்சுகல் விவாதம் கேட்டும், ஸ்பெயின் எதிர்த்து ஓட்டுப் போட்டும் அமைச்சர்கள் அவை சட்டத்தை நிறைவேற்றி அனுப்பியது. இத்தனையும் பார்த்த பிறகுதான், பிரான்சின் முன்னாள் பிரதமர் மிஷெல் ரொகார் அறிக்கையாளராக இருந்த இரண்டாம் வாசிப்பில், 648 பேர் ஒரே பக்கம் நின்றார்கள்.

இதில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காகப் போடவில்லை. நாடாளுமன்றத்தின் திருத்தங்கள் திரும்பி வந்துவிடுமோ என்று பயந்து, சட்டமே வேண்டாம் என்று பெரிய நிறுவனங்களின் ஆதரவாளர்களும் கடைசியில் சேர்ந்துகொண்டார்கள். சட்டம் வராவிட்டால் பழைய நடைமுறை தொடரும், அது அவர்களுக்குப் போதும். அவர்கள் கணக்கு பலித்தது.

2008-ல் காப்புரிமை அலுவலகத்தின் தலைவரே, நிரல்கள் பற்றிய தீர்ப்புகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றனவா என்று தங்கள் விரிவாக்கப்பட்ட மேல்முறையீட்டு வாரியத்திடம் கேள்வி அனுப்பினார். 2010 மே 12 அன்று, கேள்வி ஏற்கத்தக்கதல்ல என்று வாரியம் திருப்பிவிட்டது. இந்த அலுவலகம் ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைப்பு அல்ல. நாடாளுமன்றம் இதைக் கேள்வி கேட்க முடியாது. கட்டணங்களில் ஓடுகிறது. கொடுத்த காப்புரிமைகள் ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்கப்படும்போது அதிலும் பங்கு வருகிறது. மறுத்தால் அந்தப் பங்கு இல்லை. தவறாகக் கொடுத்துவிட்டதாக யாராவது முறையிட்டால் விசாரிப்பதும் அதே அமைப்புக்குள் இருக்கும் வாரியங்கள்தான். ஆட்சேபம் தெரிவிக்க ஒன்பது மாதம் அவகாசம். ஐந்து பேர் உட்கார்ந்து வேலை செய்யும் ஒரு நிறுவனம், தினமும் வெளிவரும் காப்புரிமைகளைப் படித்து, தனக்கு எது ஆபத்து என்று ஒன்பது மாதத்துக்குள் கண்டுபிடிக்க எப்படி முடியும்?

வழக்குக்குப் போனால் காலம் எப்படிப் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். பழைய கணினிகளில் கோப்பின் பெயர் எட்டு எழுத்துக்குள் இருக்க வேண்டும். நீளமான பெயரையும் குட்டிப் பெயரையும் சேர்த்துச் சேமிக்கும் முறைக்கு மைக்ரோசாஃப்ட் காப்புரிமை வாங்கியிருந்தது. நினைவக அட்டை செருகும் கேமரா, வழிகாட்டிக் கருவி எல்லாவற்றுக்கும் தேவையான சின்ன விஷயம் அது. இதையும் சேர்த்து நெதர்லாந்தின் டாம்டாம் நிறுவனத்தின் மேல் 2009-ல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். சில வாரங்களிலேயே டாம்டாம் பணம் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. ஜெர்மனியிலோ, கூட்டாட்சிக் காப்புரிமை நீதிமன்றம் 2007-ல் அந்தக் காப்புரிமையைச் செல்லாது என்றது, 2010-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது, 2013-ல் காப்புரிமை நீதிமன்றம் மறுபடி செல்லாது என்றது. நீதிபதிகளுக்கே தெளிவாக ஆறு வருடம் ஆனது. அதுவரை சிறு நிறுவனத்தைப் பிழைத்திருக்கச் சொல்ல முடியுமா? மிரட்டல் கடிதம் வந்ததும் பணம் கட்டிவிடுகிறார்கள், அல்லது அந்த வசதியை நிரலிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். இவை நீதிமன்றப் பதிவேட்டில் ஏறுவதே இல்லை.

2023 ஜூன் 1 முதல் நிலைமை இன்னும் கடுமையாகிவிட்டது. ஒருங்கிணைந்த காப்புரிமை நீதிமன்றம் செயலுக்கு வந்தது. இன்று அதில் 18 நாடுகள். முன்பு ஒரு நாட்டில் தோற்றால் அந்த நாட்டுச் சந்தை மட்டும் போகும். இப்போது ஒரே தீர்ப்பில் 18 நாட்டிலும் பொருளை நிறுத்தலாம். ஒரு காப்புரிமையைச் செல்லாததாக்கக் கேட்டு வழக்குப் போட, நீதிமன்றம் தொடங்கியபோது வைத்த கட்டணம் 20,000 யூரோ, வழக்கறிஞர் செலவு தனி. பகுதிநேரத் தொழில்நுட்ப நீதிபதிகளில் காப்புரிமைத் தொழிலில் தொடர்ந்து இருப்பவர்களும் உண்டு. லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்கு எது காப்புரிமை மீறல் என்ற கேள்வி போய்விடக் கூடாது என்பதற்காகவே, 2012-ல் ஒருங்கிணைந்த காப்புரிமை பற்றிய ஒன்றிய விதிமுறையிலிருந்து சில பிரிவுகளை எடுத்தார்கள். ஸ்பெயினும் போலந்தும் ஒருங்கிணைந்த காப்புரிமை நீதிமன்றத்தில் சேரவில்லை.

எதிர்த்தரப்பு வாதத்திலும் ஒரு நியாயம் உண்டு. காரின் பிரேக் வழுக்காமல் பிடிக்கும் கருவியில் நிரல் இருக்கிறது என்பதற்காக அதற்குக் காப்புரிமை மறுக்க முடியாது. யாரும் மறுக்கச் சொல்லவில்லை. இயற்கை விசைகளைக் கட்டுப்படுத்தும் கருவி ஒரு பக்கம், சாதாரணக் கணினியில் ஓடும் தகவல் வேலை ஒரு பக்கம் என்று 2003-லேயே நாடாளுமன்றம் கோடு போட்டுக் கொடுத்தது. 2013 ஜூன் 7 அன்று ஜெர்மன் நாடாளுமன்றமும் பல கட்சிகள் சேர்ந்து கொண்டுவந்த தீர்மானத்தில், மென்பொருளுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பே அடிப்படையாக இருக்க வேண்டும், காப்புரிமையைக் கட்டுப்படுத்துங்கள் என்றது. அந்தத் தீர்மானத்துக்கு உயிர் கொடுக்கும் சட்டம்தான் வரவில்லை.

இந்தியாவுக்கும் இதே நேரத்தில் இதே சோதனை வந்தது. 2004 டிசம்பர் அவசரச் சட்டம், தொழிலில் பயன்படும் நிரலுக்கும் வன்பொருளோடு சேர்ந்த நிரலுக்கும் காப்புரிமைக் கதவைத் திறந்தது. 2005-ல் நம் நாடாளுமன்றம் அந்த வாசகத்தை ஏற்காமல் நிரல்களை விலக்கும் பழைய 3(கே) பிரிவையே வைத்துக்கொண்டது. ஆனாலும் அலுவலக வழிகாட்டுதல்கள் வழியாக அதைத் தளர்த்தும் முயற்சிகள் இங்கும் நடந்திருக்கின்றன. 2015 ஆகஸ்டில் வந்த வழிகாட்டுதலை எதிர்ப்புக்குப் பிறகு டிசம்பரில் நிறுத்திவைத்தார்கள். சட்டம் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, அதை நடத்தும் அலுவலகத்தையும் கண்காணிக்க வேண்டும் என்பதை இரண்டு இடமும் காட்டுகின்றன.

ஐரோப்பா செய்ய வேண்டியது கடினமானதல்ல. பொதுப் பயன்பாட்டுக் கணினியில் ஒரு நிரலை எழுதுவதும் வெளியிடுவதும் ஓட்டுவதும் காப்புரிமை மீறல் ஆகாது என்று ஒன்றியச் சட்டத்தில் எழுதட்டும். ஏற்கெனவே கொடுத்த காப்புரிமைகளை ஒவ்வொன்றாக ரத்து செய்யும் வேலையே அப்போது இருக்காது, அவை மென்பொருளின் மேல் பாயாது, அவ்வளவுதான். கோப்பு வடிவங்களும் தொடர்பு முறைகளும் எவருக்கும் திறந்திருக்கட்டும். காப்புரிமை அலுவலகத்தின் முடிவுகள் வெளியில் உள்ள ஒரு நீதிமன்றத்தின் பார்வைக்கு வரட்டும், அது லக்ஸம்பர்க் நீதிமன்றமாக இருப்பதே பொருத்தம்.

இப்படி ஒரு சட்டத்தைத் தயாரிக்கும்படி ஆணையத்தைக் கேட்கும் அதிகாரம் ஒன்றியத்தின் செயல்பாடு பற்றிய உடன்படிக்கையின் 225-வது பிரிவில் நாடாளுமன்றத்துக்கு இருக்கிறது. 227-வது பிரிவின்படி, ஒன்றிய நாடுகளில் வசிக்கும் எவரும், குடியுரிமை இல்லாவிட்டாலும், அந்த நாடாளுமன்றத்தின் மனுக் குழுவுக்கு எழுதலாம். பெர்லினிலும் ஆம்ஸ்டர்டாமிலும் டப்ளினிலும் நிரல் எழுதிப் பிழைக்கும் நம்மவர்களுக்கும் அந்த உரிமை உண்டு. மிரட்டல் கடிதம் வந்தவர்கள் அதில் சொன்ன காப்புரிமை எண்ணையும், வக்கீலுக்குக் கொடுத்த தொகையையும், கைவிட்ட வசதியையும் எழுதி அந்தக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். எந்தப் பதிவேட்டிலும் ஏறாத அந்த நஷ்டங்களைத்தான் உறுப்பினர்கள் முதலில் பார்க்க வேண்டும்.