மண்ணுக்கும் ஒரு தேய்மானக் கணக்கு வேண்டும்

சாலைக் கடைத்தெருவில் காய்கறி வாங்கும்போது, "இது தமிழ்நாட்டுச் சரக்கு, விஷம்" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்லக் கேட்டிருப்போம். பதில் பேசாமல் அதே வெண்டைக்காயை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறோம். அதை விளைவித்தவர் நமக்கு அந்நியர் அல்லர். நாகர்கோவில் பக்கத்திலோ ஆலங்குளத்திலோ இருக்கும் நம் அத்தானாகவோ பெரியப்பா மகனாகவோ இருக்கலாம்.

புகார் முழுப்பொய் என்று நான் வாதாட வரவில்லை. வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரியின் ஆய்வகம் 2013 முதல் கடைக் காய்கறிகளைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டது. கறிவேப்பிலை, பச்சை மிளகாய் போன்றவற்றில் பூச்சிமருந்து எச்சம் அடிக்கடி தென்பட்டது. ஆனால் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின் மீது 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தது தமிழ்நாட்டு விவசாயி அல்ல. கேரள அரசின் தோட்டக் கழகம். எனவே இதை மாநிலச் சண்டையாக்குவது வீண். கோளாறு கணக்கில் இருக்கிறது.

நான் தண்டவாளம் பராமரித்தவன். ரயில்வேயில் 1924 முதல் தேய்மான நிதி என்று ஒன்று உண்டு. தண்டவாளமும் பாலமும் தேய்ந்தபின் மாற்ற, வருமானத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே ஒதுக்குவார்கள். (ஒதுக்கீடு போதவில்லை என்று தணிக்கையாளர் குறை சொன்னதும் உண்டு, அது வேறு கதை.) வயலுக்கு அப்படி ஒன்று உண்டா? உழவுக்கூலி, விதை, உரம், அறுவடைக்கூலி என்று எழுதிக் கழித்து மிச்சத்தை லாபம் என்கிறோம். மண்ணிலிருந்து போன மக்கையும் சத்தையும் யாரும் எழுதுவதில்லை.

யூரியாவைப் பாருங்கள். 45 கிலோ மூட்டை, வேப்ப எண்ணெய்ப் பூச்சுச் செலவும் வரியும் நீங்கலாக, 242 ரூபாய்தான். மற்றதை அரசு மானியமாகத் தருகிறது. மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாடு 1992ல் தளர்ந்தது. விலை மலிந்ததைத்தான் கை அள்ளும். தழைச்சத்து மிகுந்தால் பயிர் கரும்பச்சையாகத் தழைக்கும். புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் விருந்துக்கு வரும். மருந்து அடித்தால் பூச்சியைத் தின்னும் சிலந்தியும் சேர்ந்து சாகும், மறுபடி மருந்து. மலிவு உரத்தின் மிச்சக்கடனை நம் கறிவேப்பிலை அடைக்கிறது.

இது யாருக்கும் தெரியாமல் நடந்ததல்ல. பசுமைப் புரட்சியின் முன்னோடி எம்.எஸ்.சுவாமிநாதன் 1968 ஜனவரியில் வாரணாசி அறிவியல் மாநாட்டிலேயே, மண்வளம் காக்காத தீவிரச் சாகுபடியின் அபாயத்தை எச்சரித்தார். கும்பகோணத்தில் பிறந்து, குட்டநாட்டு மங்கொம்பு வேரும் கொண்டு, நம் திருவனந்தபுரத்தில் பட்டம் படித்தவர் அவர்.

அதற்காக ஒரே நாளில் ரசாயனத்தை நிறுத்தச் சொல்வது அறிவீனம். இலங்கை 2021ல் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்து, அவ்வாண்டு நவம்பரிலேயே கைவிட்டது. நெல் விளைச்சல் சரிந்தது. அங்குள்ள நம் மக்களும் பட்டார்கள். பழைய ஸ்லீப்பரை மாற்றும்போது பாதை முழுவதையும் ஒரே இரவில் பிடுங்க மாட்டோம், வேகத்தைக் குறைத்துப் பகுதி பகுதியாக மாற்றுவோம்.

விலை மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. 2022-23ல் சாதாரண ரக நெல்லுக்குத் தமிழ்நாட்டுக் கொள்முதல் விலை கிலோ 21.15 ரூபாய், கேரளத்தில் 28.20. ஆனாலும் 1974-75ல் எட்டே முக்கால் லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த கேரள நெல்வயல் இன்று இரண்டு லட்சம் ஹெக்டேர் அளவில் நிற்கிறது. 2008ல் சட்டம் வந்தபோது வயல் பெரும்பாலும் போய்விட்டது. நாஞ்சில் நாட்டிலும் வயல் வாழைக்கும் வீட்டுமனைக்கும் போகிறது. அதில் நாம் விற்ற பங்கு வயலும் இருக்கும், ஒளிப்பானேன்?

அரசு யூரியாவுக்குக் கொடுப்பதில் ஒரு பகுதியைத் தக்கைப்பூண்டு விதைக்கும் தொழுவுரத்துக்கும் திருப்பட்டும். நம்மால் ஆவதும் உண்டு. ஓணத்துக்கும் பொங்கலுக்கும் சங்கத்தில் சமைக்கும் அரிசியும் காயும் கடைத்தெருவில்தான் வாங்குகிறோம். தோவாளைப் பக்கம் நான்கைந்து விவசாயிகளிடம் கும்பப்பூ நடவுக்கு முன்பே விலை பேசி, தழையுரம் போட்டு விளைந்ததை, கிலோவுக்கு இரண்டு ரூபாய் தேய்மானப் பணம் சேர்த்து வாங்கினால் என்ன? காய் கொஞ்சம் சொத்தையாக இருந்தால் முகம் சுளிக்காமல் நறுக்கித் தள்ளிவிட்டுச் சமைக்க வேண்டும். அடுத்த செயற்குழுவில் இதை எழுத்தில் கொடுக்க இருக்கிறேன். அரிசி அளந்து கணக்கு வைக்கும் வேலைக்கு நான் தயார்.